ரிப்போர்ட் எல்லாம் நார்மல். தூக்கமும் இல்லை, தெம்பும் இல்லை: என்ன நடக்கிறது?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் எந்த மருத்துவமனை வராந்தாவில் அரை மணி நேரம் உட்கார்ந்தாலும் அந்தக் கட்டைப்பை கண்ணில் படும். உள்ளே ஒரு எக்ஸ்ரே கவர், ஈசிஜி தாள், வெவ்வேறு லேப்களில் எடுத்த ரத்தப் பரிசோதனைகள், பாதி கிழித்த மாத்திரை அட்டைகள். பைக்குச் சொந்தக்காரர் சொல்வதும் ஏறக்குறைய ஒன்றுதான்: உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது, கை கால் குடைச்சல், படபடப்பு, கிறுகிறுப்பு, ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை. டாக்டர் எல்லாம் நார்மல் என்கிறார். பக்கத்து வீட்டில் நரம்புத் தளர்ச்சி என்கிறார்கள். மாமியார் மந்திரிக்கச் சொல்கிறார்.

இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. தூக்கம் ஏன் கெட்டது என்பது ஒன்று. பரிசோதனையில் தெரியாத உபாதை நிஜம்தானா என்பது இன்னொன்று. முதலில் தூக்கத்தை எடுத்துக்கொள்வோம். அதற்குத்தான் கையில் வைத்தியம் இருக்கிறது.

## தூக்கம் எப்படி வருகிறது

சூரிச் பல்கலைக்கழகத்தில் இருந்த அலெக்சாண்டர் போர்பெலி 1982இல் சொன்ன விளக்கம் இன்றும் அடிப்படையாக நிற்கிறது. தூக்கம் வர இரண்டு சங்கதிகள் ஒரே நேரத்தில் கூடிவர வேண்டும்.

1. தூக்க அழுத்தம். விழித்திருக்கும் நேரம் ஏற ஏற மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அது சேரச் சேரக் கண் சொருகும். தூங்கினால் கரையும். டீ, காபியில் உள்ள காஃபின், அடினோசின் வந்து உட்கார வேண்டிய இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. அழுத்தம் அப்படியேதான் இருக்கும், நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். குடித்த காஃபினில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் பிடிக்கும். சாயந்திரம் 6 மணிக்குக் குடித்த டீயில் பாதி, இரவு 11 மணிக்கும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும்.

2. உடல் கடிகாரம். மூளையின் அடியில், இரண்டு கண்களின் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஒரு சிறிய நரம்புக் கூட்டம் இருக்கிறது. கண்ணில் விழும் வெளிச்சத்தை வைத்துப் பகலா இரவா என்று அது கணக்குப் போடுகிறது. இருட்டினால், உடம்பைத் தூக்கத்துக்குத் தயார் செய்யும் மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கச் செய்கிறது. செல்லுக்குள் இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்ததற்குத்தான் 2017ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு மூன்று பேருக்குக் கிடைத்தது.

மதியம் இரண்டு மணி நேரம் உறங்கிவிட்டவருக்கு ராத்திரி கடிகாரம் சரியாகவே இருக்கும், அழுத்தம் போதாது. நைட் ஷிப்ட் முடித்து வந்தவருக்கு அழுத்தம் முட்டிக்கொண்டு நிற்கும், கடிகாரம் பகல் என்று அடம்பிடிக்கும். இரண்டு பேரும் சொல்வது "தூக்கம் வரலை" என்ற ஒரே வார்த்தைதான்.

உறங்கிய பிறகும் இரவு முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று. ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் முன்னிரவில் வந்துவிடும். கனவுத் தூக்கம் பின்னிரவில் அதிகம். கனவு காணும்போது கை கால் தசைகளை மூளையே பூட்டி வைக்கிறது, இல்லையென்றால் கனவில் ஓடுகிறவர் நிஜமாகவே எழுந்து ஓடுவார். பூட்டு திறப்பதற்குள் விழிப்பு வந்துவிட்டால் கண் திறந்திருக்கும், விரலைக்கூட அசைக்க முடியாது, நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும். நம் ஊரில் அமுக்குவான் பேய் என்று சொல்வது இதைத்தான். தூக்கம் குறைந்தவர்களுக்கும் ஷிப்ட் மாறி மாறிப் படுப்பவர்களுக்கும் இது அடிக்கடி வரும். சில விநாடிகளிலோ ஓரிரு நிமிடத்திலோ தானாக விலகிவிடும். எப்போதாவது ஒரு முறை வந்தால் தாயத்தும் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம்.

## "தூக்கம் இல்லை" என்பதில் மூன்று வகை

மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. ஒன்றுக்கான மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்தால் நிலைமை மோசமாகும் என்பதால் இந்தப் பிரிவு முக்கியம்.

1. தூங்க நேரமே இல்லை. பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரம் தேவை. ராயக்கோட்டை, காவேரிப்பட்டினம் பக்கம் பூப் பறிக்கப் போகிற ஒரு பெண்ணின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மார்க்கெட்டுக்குப் பூ போய்ச் சேர வேண்டுமானால் மூன்றரை மணிக்கே எழ வேண்டும். வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, பிள்ளையின் யூனிபாரத்தை அலசிப் போட்டுப் படுக்கும்போது பத்தரை. ஐந்து மணி நேரம். இவருக்கு நோய் இல்லை, தூக்கப் பற்றாக்குறை. படுத்தவுடனே அசந்துவிடுகிறவருக்குத் தூக்க மாத்திரை எதற்கு? வேலையை யார் பங்கு போட்டுக்கொள்வது என்பதுதான் இங்கே கேள்வி. அதை மருந்துச் சீட்டில் எழுத முடியாது.

2. நேரம் இருக்கிறது, தூக்கம் வரவில்லை. இதுதான் தூக்கமின்மை நோய். வாரத்தில் 3 இரவாவது, 3 மாதத்துக்கு மேல் நீடித்து, பகல் வேலையையும் பாதித்தால் நாட்பட்டது என்று கணக்கு.

3. தூங்கியும் அலுப்புத் தீரவில்லை. எட்டு மணி நேரம் படுத்து எழுந்தாலும் அசதி. இங்கே முதலில் சந்தேகப்பட வேண்டியது குறட்டை. "நல்லாக் குறட்டை விட்டுத் தூங்குறார்" என்று நாம் பெருமையாகச் சொல்வது பல வீடுகளில் தவறான சான்றிதழ். தொண்டை அடைபட்டு மூச்சு நிற்பதும், மூளை அரைகுறையாக விழித்து மூச்சை மீட்பதுமாகவே ராத்திரி கழியும். மணிக்கு 5 முறைக்கு மேல் இப்படி நடந்தால் அது நோய், 30 முறையைத் தாண்டினால் கடுமையானது. தூங்குகிறவருக்கு இது தெரியாது, பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும். 1981இல் ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் காட்டிய வழி, மூக்கில் மாஸ்க் வைத்துக் காற்றை அழுத்தமாகச் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவி, இன்றும் முதன்மைச் சிகிச்சை.

மூன்றாவது வகைக்காரர்கள் இரண்டு பேரைத் தனியாகச் சொல்ல வேண்டும். முதலாமவர் மூன்று மாத்திரை போட்டும் பிரஷர் இறங்காதவர். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். வீட்டுக்கே வந்து பிரஷர் பார்க்கிறார்கள், மாத்திரை தருகிறார்கள். வருகிறவரிடம் குறட்டையையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், இறங்காத பிரஷருக்கு அது ஒரு முக்கியமான காரணம். இரண்டாமவர் லாரி, பஸ் ஓட்டுகிறவர். 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஓசூரில் ஏறித் தொப்பூர் கணவாய் இறங்குகிறவருக்கு இரண்டு விநாடி கண் அசந்தால் என்ன ஆகும் என்று எழுதத் தேவையில்லை.

## நைட் ஷிப்ட் கணக்கு

ஓசூர் சிப்காட் பஸ்கள் கிராமம் கிராமமாக ஆள் ஏற்றும் மாவட்டம் இது. ஒரு வாரம் காலை 6 மணி ஷிப்ட், அடுத்தது மதியம் 2, அப்புறம் இரவு 10 என்று வாரா வாரம் மாறுவது பலருக்குப் பழக்கம். உடல் கடிகாரத்தை நகர்த்தலாம், ஆனால் ஒரு நாளைக்குத் தோராயமாக ஒரு மணி நேரம்தான் நகரும். எட்டு மணி நேரம் தள்ளி வைக்க எட்டு நாளாவது வேண்டும். ஷிப்டோ ஆறாம் நாளே முடிந்துவிடுகிறது. கடிகாரம் வந்து சேர்வதற்குள் பஸ் கிளம்பிவிடும்.

அதனால் நைட் ஷிப்ட்காரருக்குப் பகலில் தூக்கம் வராததில் அவர் தப்பு எதுவும் இல்லை. உடம்பு சொன்னபடி கேட்கிறது, அட்டவணைதான் கேட்கவில்லை. இதில் செய்யக்கூடியது கொஞ்சம்தான், ஆனால் பயன் உண்டு. காலை ஷிப்டிலிருந்து மதியம், மதியத்திலிருந்து இரவு என்று முன்னோக்கி மாறுவது உடம்புக்கு எளிது, ஏனென்றால் மனிதக் கடிகாரத்தின் இயல்பான சுற்று 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் நீளம். பின்னோக்கி மாற்றினால் கஷ்டம். காலையில் வீடு திரும்பும் பஸ்ஸில் கறுப்புக் கண்ணாடி போட்டால், வெயில் பட்டுக் கடிகாரம் பகல் என்று முடிவு செய்வது கொஞ்சம் தள்ளிப்போகும். நள்ளிரவு டீ பரவாயில்லை, நாலரை மணி டீயை விட்டுவிடலாம். படுக்கிற ஜன்னலுக்குக் கனமான போர்வை ஒன்றைத் தொங்கவிடலாம். ஷீட் கூரை வீட்டில் ஏப்ரல் மாதப் பகலில் இதெல்லாம் எவ்வளவு எடுபடும் என்பது வேறு விஷயம்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007இலும் மறுபடி 2019இலும் இரவு ஷிப்ட் வேலையைப் "புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது" என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. வேலை செய்கிற எல்லோருக்கும் வரும் என்று அதற்கு அர்த்தம் கிடையாது. ஷிப்ட் அட்டவணை போடுகிறவர்கள் அதைச் சுகாதாரப் பிரச்சினையாகப் பார்க்க வேண்டும் என்பதற்கு அதுவே போதும்.

## தூக்கம் கெட்டால் உடம்பு ஏன் வலிக்கிறது

கனடாவில் ஹார்வி மோல்டோஃப்ஸ்கி 1975இல் ஒரு சோதனை செய்தார். எந்த நோயும் இல்லாதவர்களைப் படுக்க வைத்து, ஆழ்ந்த தூக்கத்துக்குள் போகும்போதெல்லாம் சத்தம் எழுப்பி அதை மட்டும் கலைத்தார். முழுக்க எழுப்பவில்லை. சில இரவுகள் கழித்து அவர்களுக்கு உடம்பு வலித்தது, தசையைத் தொட்டால் நொந்தது, அசதியாக இருந்தது. நல்ல தூக்கம் திரும்பியதும் வலி போய்விட்டது.

வலியைக் கூட்டிக் குறைக்கும் திருகு மூளையிலும் தண்டுவடத்திலும் இருக்கிறது, தூக்கம் குறைந்தால் அந்தத் திருகு மேலே ஏறுகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். வலி ஏறினால் தூக்கம் இன்னும் கெடும். இப்படி மாதக்கணக்கில் சுற்றினால், முதலில் எது வந்தது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. எந்த இடத்தில் சங்கிலியை அறுக்க முடியுமோ அங்கே அறுத்தால் போதும்.

## "நார்மல்" என்ற வார்த்தைக்கு அர்த்தம்

ஒரு பரிசோதனை, கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். ஈசிஜி நார்மல் என்றால், எடுத்த அந்த நேரத்தில் இதயத்தின் மின்னோட்டம் ஒழுங்காக இருந்தது என்று அர்த்தம். கால் ஏன் குடைகிறது என்று அதனிடம் யாரும் கேட்கவில்லை.

குடைச்சலையே எடுத்துக்கொள்வோம். சாயந்திரமானால், படுத்தால், காலுக்குள் ஏதோ ஊர்கிற மாதிரி, இழுக்கிற மாதிரி இருக்கும். ஆட்டினால், எழுந்து நடந்தால் அடங்கும். மறுபடி படுத்தால் மறுபடி வரும். இது அமைதியற்ற கால் நோய். 1945இலேயே சுவீடனின் கார்ல் எக்பாம் முழுமையாக விவரித்துவிட்டார். உடம்பில் இரும்புச் சத்து குறைவது இதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. சிக்கல் என்னவென்றால், ஹீமோகுளோபின் 12க்கு மேல் நார்மலாக இருக்கும்போதே இரும்புச் சேமிப்பு காலியாகிக்கொண்டிருக்கலாம். சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின் பரிசோதனை. இந்த நோய்க்கு ஃபெரிட்டின் 75க்குக் கீழே இருந்தாலே இரும்புச் சத்து கொடுத்துப் பார்க்கலாம் என்கின்றன வழிகாட்டிகள். லேப் தாளிலோ 75க்கு மிகவும் கீழே உள்ள எண்ணும் "நார்மல்" என்றே அச்சாகியிருக்கும்.

தைராய்டு, சர்க்கரை, பி12, சிறுநீரகம், மாதவிடாய் நிற்கும் காலம், மன அழுத்த நோய் என்று பார்க்க வேண்டியவை இன்னும் சில உண்டு. எல்லாம் பார்த்தும் எதுவும் பிடிபடாத உபாதைகள் உலகம் முழுவதும் இருக்கின்றன. உடம்பு முழுக்க வலியோடு தூக்கமும் கெடும் ஃபைப்ரோமயால்ஜியா அதில் ஒன்று. அதற்கு மெதுவாகக் கூட்டிக்கொண்டே போகும் நடை, உடற்பயிற்சி நல்லது. ஒரு சின்ன வேலை செய்தாலும் மறுநாள் படுத்த படுக்கையாகிவிடுகிற நாட்பட்ட களைப்பு நோய் வேறு. அவர்களை வலுக்கட்டாயமாக நடக்க வைத்தால் கெடும். கொரோனாவுக்குப் பிறகு இப்படி ஆனவர்களும் உண்டு.

மனநல மருத்துவமே இந்த விஷயத்தில் தன் அளவுகோலை மாற்றிக்கொண்டது. உடம்பில் காரணம் தெரியாவிட்டால் மனநோய் என்று முத்திரை குத்தும் போக்கை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேடு கைவிட்டது. உபாதையைப் பற்றிய கவலையும் பயமும் வாழ்க்கையை எவ்வளவு ஆக்கிரமித்திருக்கிறது என்பதையே அது பார்க்கச் சொல்கிறது. காரணம் தெரிந்தவருக்கும் அந்தப் பயம் இருக்கலாம், தெரியாதவருக்கு இல்லாமலும் போகலாம்.

## இந்த மண்ணுக்கு மட்டும் ஒரு கேள்வி

இடுப்பு வலி, கழுத்துத் திரும்பவில்லை, தரையில் குந்தி உட்கார முடியவில்லை. பென்னாகரத்திலும் பாலக்கோட்டிலும் இதை வயசுக்கோளாறு என்றும் வாயு என்றும் சொல்லிக்கொண்டே ஒரு தலைமுறை குனிந்து போனது. பாறைக்குள்ளிருந்து கரைந்து போர் தண்ணீரில் கலக்கும் ஃபுளோரைடும் இதே வலியைத் தரும். அந்தத் தண்ணீரை வருடக்கணக்கில் குடித்தால் அது எலும்பிலும் மூட்டுத் தசைநாரிலும் போய்ப் படிகிறது. ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில்கூட ஒன்றும் தெரியாது. வலி, விறைப்பு, வயிற்று உபாதை மட்டும்தான். "எல்லாம் நார்மல்" என்று சொல்லக்கூடிய கட்டம் அது.

இந்திய தர நிர்ணயத்தின்படி ஒரு லிட்டரில் ஃபுளோரைடு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 1.5 வரை. இதற்காகவே சுமார் 1,928 கோடி ரூபாயில், ஜப்பான் கடனுதவியோடு கொண்டுவரப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013 மே மாதம் பயன்பாட்டுக்கு வந்தது. குழாய் வந்த ஊர்களிலும் தண்ணீர் வராத நாளில் போர் தண்ணீரைக் குடிப்பது நடக்கிறது. குடிக்க ஒகேனக்கல் தண்ணீர், களி கிண்டவும் சோறு வடிக்கவும் போர் தண்ணீர் என்று பிரித்து வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. களி குடிக்கிற தண்ணீரைக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும்.

பல்லில் பழுப்புக் கோடு இருந்தால் சிறுவயதில் குடித்த தண்ணீர் அப்படி என்று அர்த்தம். பல் வெள்ளையாக இருப்பதால் எலும்பும் தப்பியது என்று நினைக்க முடியாது. பல் முளைத்த பிறகு இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண்ணுக்குப் பல்லில் அடையாளமே விழாது. வீட்டுத் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கலாம். எலும்பில் படிந்ததைக் கரைக்க மருந்து இல்லை, தண்ணீரை மாற்றுவதும் கால்சியம் உள்ள சாப்பாடும்தான் வழி. அதற்காக எல்லா வலிக்கும் தண்ணீரையே குற்றம் சொல்வதும் சரியில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய கேள்விகளில் அது ஒன்று.

## பாயைச் சுருட்டும் வைத்தியம்

இரண்டாம் வகைத் தூக்கமின்மைக்கு, மாத்திரைக்கு முன்னால் கொடுக்க வேண்டியது சிபிடி-ஐ என்ற பயிற்சிச் சிகிச்சை என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இலும் ஐரோப்பிய வழிகாட்டி 2017இலும் சொல்லிவிட்டன. இதன் கரு, கேட்பதற்கு விபரீதமாக இருக்கும்: தூக்கம் வராதவர் படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும்.

1. இரவு 9 மணிக்குப் படுத்துக் காலை 6க்கு எழுகிறார், தூங்குவது ஆறு மணி நேரம் என்று வைப்போம். மீதி மூன்று மணி நேரம் புரண்டு புரண்டு படுப்பதிலும் கவலைப்படுவதிலும் போகிறது. படுக்கை என்றாலே விழிப்பு என்று மூளை பழகிக்கொள்கிறது.
2. இவர் இனி 12 மணிக்குத்தான் படுக்க வேண்டும், எழுவது அதே 6 மணி. ஞாயிற்றுக்கிழமையும் 6 மணிதான். பகலில் கண்ணயரக் கூடாது.
3. படுத்திருக்கும் நேரத்தில் 85 சதவீதமாவது தூங்க ஆரம்பித்த பிறகு, வாரத்துக்கு 15 நிமிடம் முன்னதாகப் படுக்கலாம்.
4. கால் மணி, இருபது நிமிடம் ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்துவிட வேண்டும்.

நாலாவதில் "வேறு அறைக்குப் போங்கள்" என்று எழுதியிருப்பார்கள். ஒரே அறையும் ஒரு திண்ணையும் உள்ள வீட்டில் எங்கே போவது? நம்மிடம் ஒரு வசதி இருக்கிறது. பாயைச் சுருட்டிச் சுவரோரம் சாத்திவிட்டு உட்காருங்கள். பாய் சுருண்டிருந்தால் படுக்கை இல்லை. கண் சொக்கும்போது விரித்தால் போதும். போனை மட்டும் எடுக்க வேண்டாம். முதல் இரண்டு வாரம் பகலில் தூக்கம் கண்ணைச் சுழற்றும், அந்தச் சமயத்தில் வண்டி ஓட்டுகிறவர்கள், மெஷினில் நிற்கிறவர்கள், வலிப்பு உள்ளவர்கள், இருதுருவ மனநோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.

மாத்திரையைப் பற்றிச் சுருக்கமாக: அல்பிரசோலம், டயசிபாம், சோல்பிடெம் போன்ற தூக்க மாத்திரைகள், மருந்து விற்பனை விதிகளில் கூடுதல் கட்டுப்பாடு உள்ள எச்1 அட்டவணையில் வருகின்றன. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, கடைக்காரர் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அவசரத்துக்குச் சில நாள் உதவும். மாதக்கணக்கில் சாப்பிட்டவர்கள் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பே வரலாம், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். குறட்டை நோய் உள்ளவருக்கு இவை ஆபத்து. சாராயம் முன்னிரவில் அமுக்கிப் போட்டுப் பின்னிரவில் எழுப்பிவிடும். உடம்பு வலிக்கு அடிக்கடி போடும் "வலி ஊசி"யில் ஸ்டீராய்டு இருந்தால், அன்றைக்கு வலி விட்டு ராத்திரித் தூக்கம் போகும்.

## எப்போது காத்திருக்கக் கூடாது

காரணமில்லாமல் எடை குறைவது, விடாத காய்ச்சல், ராத்திரி உடை நனையும் வியர்வை, மலத்திலோ சளியிலோ ரத்தம், ஒரு பக்கக் கை கால் பலவீனம், நடந்தால் நெஞ்சுவலி. இவற்றில் எது இருந்தாலும் மேலே சொன்ன எதையும் முயன்றுகொண்டிருக்க வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தாலும் அப்படித்தான். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம்.

## டாக்டரிடம் கொண்டுபோக ஒரு தாள்

கட்டைப்பையை வீட்டில் வைத்துவிடுங்கள் என்று சொல்லவில்லை. அதோடு ஒரு பக்கத் தாளும் போகட்டும். அரசு மருத்துவமனை ஓ.பி.யில் ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடம்தான், பையைப் பிரித்து அடுக்கவே அது சரியாகிவிடும். இரண்டு வாரத்துக்குத் தினமும் படுத்த நேரம், சுமாராகத் தூங்கிய நேரம், எழுந்த நேரம். டீ எத்தனை, கடைசி டீ எப்போது. எந்த ஷிப்ட். குறட்டையும் மூச்சு நிற்பதும் உண்டா என்று வீட்டில் இருப்பவரைக் கேட்டு ஒரு வரி. எந்த உபாதை முதலில் வந்தது, எந்த மாதம். இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளும், கடையில் கேட்டு வாங்கியவை உட்பட. கடைசியாக, குடிக்கிற தண்ணீர் எது, களி கிண்டுகிற தண்ணீர் எது.